நீ சாணை பிடித்த பிட்டுகளை நான் மாற்றிவைத்தேன்

என் உயிரான சவரி அண்ணனுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இந்த வருடம் பங்குச் சாமியார், இறந்துபோனவர்களை நினைத்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார். வீட்டுக்கு நாலு வரி கேட்டார். "சவரிமுத்துவுக்கு நீதான் எழுதணும் ஸ்டெல்லா. அவர் கண்ணைக் காப்பாத்தினவ நீதானே" என்றார். அவரிடமும் நீ சொல்லியிருக்கிறாய்.

நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தபிறகு நாலு வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. போட்டால் முழுசாகப் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. அதனால் எல்லோரும் படிக்கட்டும்.

முதலில் நம்ம பட்டறைச் செய்தி. காலடிப்பேட்டைச் சந்தையைத் தாண்டி நம் சந்து முழுக்க மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரும்புத் தட்டுகளை முனையிலேயே இறக்கி, நாங்கள் தலையில் சுமந்து வருகிறோம். நீ இரும்பு கடைந்த லேத்துக்கு மாதவரத்திலிருந்து ஒருவர் வருகிறார். நல்ல வேலைக்காரர். காலையில் ஒரு வணக்கம், சாயந்திரம் ஒரு வணக்கம், நடுவில் வாயைத் திறக்கமாட்டார். நீ பேசிய பேச்சு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன் அண்ணே. என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு நான் ராயபுரத்தில் அம்மா விட்டுப்போன ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் செக்கர் வேலை பார்த்தவள் நான். அந்த வேலைக்கும் போகவில்லை. ஒருநாள் நீ வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாய்.

"வூட்ல குந்திகினு இன்னா பண்ணப்போற? பட்டறைக்கு வா. ட்ரில்லிங் மெஷின் சும்மா கீது."

"எனக்கு இன்னாண்ணே தெரியும் அதப்பத்தி?"

"ஓட்ட போடணும். அளவு தப்பாம போடணும். நீ தான் சட்டைல ஒரு நூலு தள்ளிப்போனா கூட கண்டுபுடிக்கிறவளாச்சே. வா."

அவ்வளவுதான். ஆறுதல் என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மெஷினைக் கொடுத்தாய். முதல் வருடம் நான் உடைத்த பிட்டுகளை, இரும்பைத் துளைக்க அந்த மெஷினில் மாட்டும் முறுக்குக் கம்பிகளை, பாதித் திருவொற்றியூர் பார்த்திருக்கும். டொக்கென்று முறிந்தால் நான் பயந்துபோய் உன்னைப் பார்ப்பேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவாய். மிச்சத் துண்டைச் சாணைக் கல்லில் வைத்துக் கூராக்கி, "குட்டையாச்சி, அவ்ளோ தான்" என்று திருப்பித் தருவாய். பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட என் வேலையை நீ குறை சொன்னதில்லை.

பிட்டைப் பற்றி மட்டும் நாம் சண்டை போடாத நாளே கிடையாது, இல்லையா? மழுங்கினால் சாணை பிடிக்கணும் என்பது உன் கட்சி. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டணும் என்பது என் கட்சி.

"கம்பெனில ஊசி மழுங்கினா சாணையா புடிச்சிகினு இருந்தோம்? தூக்கிப் போட்டுட்டு வேற மாட்டுவோம். தையல் கெட்டுப்போவாது" என்பேன்.

"ஊசி வேற, பிட்டு வேற ஸ்டெல்லா. இத்தப் பாரு, இன்னும் பாதி ஆயுசு கீது இதுக்கு. புச்சு வாங்க மண்ணடி போவணும், வரணும். அதுக்குள்ள நான் பத்து பிட்டு புடிச்சி வெச்சிடுவேன்."

"பெருசுக்கு சரிண்ணே. அஞ்சு எம்எம், ஆறு எம்எம்முக்கு எல்லாம் எவனாவது கல்லுகிட்ட நிப்பானா?"

"நான் நிப்பேன்."

நின்றாய். நிஜமாகவே நன்றாகப் பிடிப்பாய். கோணம் பார்க்கும் தகடு ஒன்று நான் வாங்கி வந்தபோது, அதைப் பார்த்துச் சிரித்தாய். உனக்குக் கண்ணே போதும். பிட்டின் முனையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி ஒருதரம் பார்ப்பாய், இரண்டு பக்க விளிம்பும் ஒரே நீளத்தில் வந்திருக்கும். இரும்பில் இறக்கினால் இரண்டு பக்கமும் சமமாகச் சுருள் சுருளாக எழும்பி வரும். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த அந்த வாரம். நெற்றியில் சாம்பல் வாங்கிய மூன்றாம் நாள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ பிடித்துக் கொடுத்த பன்னிரண்டு எம்எம் பிட்டை மாட்டி இறக்கினேன். ஒரு பக்கம்தான் சுருள் வந்தது. மறுபக்கம் வெறும் பொடி. பிட்டு வளைந்து வளைந்து ஆடியது. ஓட்டையை அளந்தால் அரை எம்எம் பெரிதாக இருந்தது. பிட்டைக் கழற்றி அந்தத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு விளிம்பு நீளம், ஒரு விளிம்பு குட்டை. உன் கையிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் பார்த்ததே இல்லை.

ஏதோ ஒருநாள் தவறு என்று நினைத்தேன். அடுத்த பிட்டும் அப்படித்தான் இருந்தது. அதற்கு அடுத்ததும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அண்ணே, இது ஒரு பக்கமா வெட்டுது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு வருடம் என்னைக் குறை சொல்லாதவனிடம் என் வாயால் எப்படிச் சொல்வது என்று மென்று முழுங்கினேன். அன்று சாயந்திரமே மண்ணடிக்குப் போனேன். நாலு அளவில் புதுப் பிட்டு வாங்கினேன். பளபளப்பு தெரியாமல் இருக்கப் பழைய ஆயிலில் முக்கினேன். லேத்துக்குக் கீழே கிடக்கும் கரும்பொடியில் புரட்டினேன். ஆணியால் நாலு கீறல் போட்டேன். சாணையில் குட்டையாகாத அதன் நீளத்தை மட்டும் மாற்ற முடியாதே, அதனால் உன் கையில் எடுத்துத் தராமல் மெஷினிலேயே மாட்டி வைத்திருந்தேன்.

நீ தினமும் பிட்டுப் பிடித்துத் தருவாய். "இந்தா, ராசா மாரி கீது" என்று உள்ளங்கையில் வைப்பாய். நான் வாங்கிக்கொள்வேன். நீ லேத்துப் பக்கம் திரும்பியதும் அது என் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பா நிறைந்தது.

இதில் எனக்கு இன்றுவரை நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. புதுப் பிட்டு நாலைந்து நாள் சளைக்காமல் வெட்டும்போது நீ பக்கத்தில் வந்து நின்று பார்ப்பாய். "பாத்தியாமே, என் கை சாணை எத்தினி நாள் தாங்குது! புச்சு வேணும், புச்சு வேணும்னு குதிச்சியே" என்பாய். நான் சிரிப்பேன் அண்ணே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறேன்.

கண்தான் காரணம் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? மேசை என்று நினைத்து டீ கிளாஸைக் காற்றில் வைத்தாய், கீழே விழுந்து உடைந்தது. வாசலில் நிற்பது யார் என்று அவர் பேசியபிறகுதான் தெரிந்துகொண்டாய். சாயந்திரம் உன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வரும்போது நான் சும்மா பேசுகிறமாதிரி, "அண்ணே லெஃப்ட்ல டிரெய்லர் வருது", "அண்ணே முன்னால பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே வருவேன். கன்டெய்னர் லாரிக்கு நடுவில் உன் முதுகைப் பிடித்துக்கொண்டு மாதாவே, மாதாவே என்று மனசுக்குள் சொல்வேன். அவ்வளவு தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை.

ஒரே ஒருதரம் கேட்டேன். "கண்ணு செக் பண்ணிகினு வரலாமாண்ணே? சுகர் வேற கீது உனக்கு."

"இன்னாத்துக்கு? எரும மாரி கீறேன்" என்றாய். நான் விட்டுவிட்டேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும், தடைக்காலம் முடியட்டும், வேலை குறையட்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நமக்கு வேலை குவியும் என்று படிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். போட்டெல்லாம் கரையில் நிற்கும், அப்போதுதான் எல்லாரும் ரிப்பேர் பார்ப்பார்கள். அந்த இரண்டு மாதமும் நான் புதுப் பிட்டிலேயே ஓட்டினேன். ஒரு ஓட்டைகூடத் தப்பவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் மாதவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அன்றைக்குத்தான் காசிமேட்டு தேசப்பன் தன் போட்டுக்குக் கப்ளிங் கேட்டு வந்திருக்கிறார். எஞ்சினையும் விசிறித் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வட்ட இரும்பு. மறுநாள் போட்டை இறக்க வேண்டும் என்று நின்றாராம். நான் இல்லை. நீயே பிட்டுப் பிடித்து, நீயே ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டாய். வந்தபிறகு சொன்னாய். தேசப்பனுக்கு ஒரு போன் போட்டு, கழற்றிக் கொண்டுவாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தேசப்பன் வந்தார். கப்ளிங்கை மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சவரி மாமு, தப்பா நெனச்சிக்காத. போல்ட்டு ஆடுது. நேத்து கடல்ல ரெண்டு போல்ட்டு அறுந்துகினு பூட்சி. எண்ணூருக்கு நேரா நின்னுட்டோம். ஆறு பேரு மாமு போட்ல. காத்து வேற. இன்னொரு போட்டு கயிறு கட்டி இஸ்துகினு வந்துச்சி."

"என் ஓட்ட அப்டி போவாது தேசப்பா" என்றாய்.

அளவுகோலை எடுத்தாய். ஓட்டையில் வைத்தாய். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாய், வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாய், கையை நீட்டித் தூரமாகப் பிடித்தாய். பிறகு என்னிடம் நீட்டினாய்.

"நீ படி ஸ்டெல்லா."

பதினாறு இருக்க வேண்டிய இடம் அது. "பதினாறு புள்ளி ஏழு" என்றேன்.

நீ நேராக என் மெஷினுக்குப் போய், மாட்டியிருந்த பதினாறு எம்எம் பிட்டைக் கழற்றினாய். கட்டைவிரலால் அடியிலிருந்து நுனிவரை ஒருதரம் தடவினாய்.

"இது என் பிட்டு இல்ல."

"மாத்திட்டேண்ணே."

"எப்போலேர்ந்து?"

தேசப்பன் என்னைப் பார்க்கிறார். நீ என் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறாய், ஆனால் உன் பார்வை என் தோளுக்கு மேலே எங்கோ இருக்கிறது. ஆறு பேர் என்று அவர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நாலு மாதமாக என்று சொல்ல வாய் வரவில்லை அண்ணே.

"ஒரு வாரமா" என்றேன். "கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து பாத்தேன். உன் பிட்டு ஒரு பக்கமா வெட்டுது. அதான் மாத்திட்டேன்."

நீ கத்துவாய் என்று நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாய். பிட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே சொன்னாய்.

"கண்ணு சரியா தெரியல ஸ்டெல்லா. பொகை மாரி கீது. யார்கிட்ட சொல்றதுன்னு பாத்துகினு இருந்தேன்."

அவ்வளவுதானா? இதைச் சொல்ல நீ தயாராகத்தான் இருந்தாயா? யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாயா? நாலு மாதம் உன் பக்கத்திலேயே நின்றவள் நான்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு போ மாமு, கப்ளிங் கெடக்குது" என்று தேசப்பன் உன் தோளைத் தொட்டார். மறுநாளே நானும் லூர்து அண்ணியும் உன்னைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. மருந்து விட்டு, ஒவ்வொரு கண்ணாக வெகுநேரம் பார்த்தார். சர்க்கரையால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, வலது கண் இனித் தேறாது, இடது கண்ணில் கசிவை ஊசி போட்டு நிறுத்தலாம் என்றார்.

"ஏன் ஐயா இவ்வளவு நாள் விட்டீங்க? பார்வை குறையுறது தெரியலையா?" என்று கேட்டார்.

நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "லேசா டவுட்டு இருந்துச்சிம்மா. ஆனா பிட்டு நல்லா வெட்டிகினு இருந்துச்சி. கண்ணு கெட்டிருந்தா பிட்டு அப்டி வெட்டாதே? அத்தப் பாத்து கண்ணு சரியாத்தான் கீதுன்னு நெனச்சிகினேன். இப்ப ஒரு வாரமா தான் பூட்சி போல."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உன் கண்ணை நீ சோதித்துப் பார்க்க வைத்திருந்த ஒரே வழி அந்தப் பிட்டுகள்தான். அதை நான் பொய்யாக்கி வைத்திருந்தேன்.

"மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு கண்ணையும் புடிச்சி நிறுத்தியிருக்கலாம்" என்றார் அவர். நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றிச் சாம்பலிலிருந்து எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதே இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். என் கையைத் தேடிப் பிடித்தாய். "நீ ஒரே வாரத்துல கண்டுகினியே, அதனால தான் இந்த ஒரு கண்ணாவது மிஞ்சிச்சி. இல்லனா ரெண்டும் காலி" என்றாய். அண்ணி அழுதுகொண்டே என் தலையைத் தடவினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப்பிறகு நீ சொல்லாத இடமில்லை. டீக்கடையில் சொன்னாய். கோயில் வாசலில் சொன்னாய். பூட்டுத் திறக்கும் முன் பட்டறை எதிரே நிற்கும் பூக்கார அக்காவிடம்கூடச் சொன்னாய். "என் கண்ணு என் தங்கச்சி குடுத்தது." ஒவ்வொருதரம் நீ சொல்லும்போதும் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் எனக்கு இன்னும் பெரிய தண்டனை. ஊசி போட்டு ஒரு மாதத்தில் நீ பட்டறைக்கு வந்துவிட்டாய். சின்னப் பிட்டெல்லாம் மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டலாம் என்று நீயே ஒத்துக்கொண்டாய். நுனி தீய்ந்து நீலம் பாய்ந்தது, விரிசல் விட்டது எதுவானாலும் வேண்டாம் என்றாய். பதினாறு, இருபது, இருபத்தைந்து எம்எம் பெரிய பிட்டுகளை மட்டும் சாணை பிடிப்பது என்று பேசிக்கொண்டோம். நீ கல்லில் பிடிப்பாய். நான் தகட்டில் வைத்துப் பார்ப்பேன்.

"சரியாமே?"

"இல்லண்ணே. எடது பக்கம் நீளம்."

மறுபடி பிடிப்பாய். "இப்போ?"

"இன்னும் ஒரு நூலு."

"அய்ய, எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரி வந்துட்டா" என்று சிரித்துக்கொண்டே திரும்பக் கல்லுக்குப் போவாய். முகம் சுண்டியதே இல்லை. ஒருநாளில் நாலுதரம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், நாலுதரமும் சிரித்தாய். அண்ணே, உனக்கு அது வலிக்கும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு வலிக்கவே இல்லை. சொல்ல பயந்தது முழுக்க முழுக்க நான்தான்.

அந்த ஐந்து மாதம் நம் சண்டையே நின்றுவிட்டது. எனக்கு அதுதான் நல்ல காலம் என்று எழுதவும் கை கூசுகிறது.

டிசம்பர் மழை. மூன்று நாளாக விடாமல் பெய்து சந்தெல்லாம் முழங்கால் தண்ணீர். காலையில் எழுந்ததும் நெஞ்சு எரிகிறது, வாய்வு என்று நீ சொன்னாயாம். அண்ணி சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்தாள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எனக்குப் போன் வந்தபோது நான் பட்டறையில் தண்ணீர் ஏறாமல் மோட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். உன்னை ஏற்றிய ஆட்டோ தண்ணீரில் நின்றுபோய், தள்ளிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி வலியாகத் தெரியாது என்று அங்கே சொன்னார்கள். நீ வரிசையாக எத்தனையைத்தான் தெரியாமலே விட்டாய்?

உன் அடக்கத்தன்று தேசப்பன் என் பக்கத்தில் வந்து நின்றார். மழைத் தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை, முகம் நனைந்திருந்தது. "மாமு கடைசி வரிக்கும் உன்னப்பத்தி தாம்மா பேசிகினு இருந்தாரு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பதினொரு மாதமாக அந்தத் தலையாட்டலோடு இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து நானும் அண்ணியும் உன் கல்லறையைச் சுத்தம் பண்ணப் போனோம். மழையில் பாசி பிடித்திருந்தது. அண்ணி சிலுவைப் பக்கம் தேய்த்தாள், நான் கால்மாட்டில் தேய்த்தேன். சாமியார் கேட்ட நாலு வரியைப் பற்றி அவள்தான் பேச்செடுத்தாள். "எழுதிட்டியா? நீ கண்ணக் காப்பாத்துனத எழுது" என்றாள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, சாம்பல் புதன் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் இருக்கும் டப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் சொன்னேன்.

அண்ணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு உன் பெயர் எழுதியிருக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அந்த சாம்பல் பொதனுக்கு முந்தின கிறிஸ்மசுக்கு சங்கரா மீன் கொழம்பு வெச்சேன். சாப்ட்டுகினு இருந்தவரு கைய எடுத்துட்டாரு. முள்ளு தெரியல லூர்துன்னாரு. ஒருதரம் தான் சொன்னாரு. அன்னிலேர்ந்து நான் முள்ளு எடுத்து எடுத்து வெச்சிகினு இருந்தேன் ஸ்டெல்லா. எனக்கு ஆசையா கீது, நான் எடுத்து தரேன்னு சொல்லிகினு. அவரும் சரின்னு துன்னாரு. உனக்கு முன்னால ரெண்டு மாசம்."

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

நாங்கள் இரண்டு பேரும் உன்மேல் உயிரையே வைத்திருந்தோம். நீ ஒரு முள்ளில் இடறக்கூடாது, ஒரு சொல்லில் வாடக்கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் மறைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் உன் கண் போய்க்கொண்டிருந்தது. "அவர நல்லா பாத்துகினோம்னு தான் நெனச்சிகினு இருந்தேன்" என்று அண்ணி சொன்னாள். அப்புறம்தான் அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. அவளும் என்னைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது அண்ணி என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "உனக்கும் அவரு ரத்தம் தானே. உங்கம்மாவுக்கும் சுகரு. நீ எப்போ கண்ணு பாத்த?" என்றாள். நான் பார்த்ததே இல்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு அத்தனை தரம் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒருதரம்கூட அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறையை அரைநாள் மூடிவிட்டு இரண்டு பேரும் போனோம். அதே டாக்டரம்மா. என் இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதாம், நெடுநாளாக இருந்திருக்கும் என்றார். இடது கண்ணில் உள்ளே சின்னச் சின்னப் புள்ளியாகக் கசிவு தொடங்கியிருக்கிறது. எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. "தெரியுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. இத நிறுத்திடலாம்" என்று சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, நர்ஸம்மா பெரிய வியாதி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். உனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வார்த்தை அண்ணே அது. என் காதில் வந்து விழுந்தது.

இதை நீ படிக்கமாட்டாய். எனக்கு மன்னிப்பு கொடுக்கவும் உன்னால் முடியாது. முடிந்தால் ஒரு நொடியில் கொடுத்துவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் கேட்கவும் எனக்கு மனசில்லை. நேற்று தேசப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வலை கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "போட்ல என் தம்பி இருந்தாம்மா" என்றார். மறுபடி வலையைக் கையில் எடுத்தார்.

ஒன்றை மட்டும் உனக்கு எழுதித் தருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருதரம் நானும் அண்ணியும் அந்த நாற்காலியில் உட்காருவோம். எனக்கு எது மங்கினாலும் அன்றைக்கே அவளிடம் சொல்வேன், அவளுக்கு எது மங்கினாலும் என்னிடம் சொல்வாள். என்னோடு வேலை செய்கிறவர் கை தவறினால், அவர் முகம் வாடினாலும் பரவாயில்லை என்று நேராகச் சொல்வேன். பாசம் என்று பெயர் வைத்து இனி யாரிடமும் எதையும் மறைக்கமாட்டேன்.

உனக்குப் பொய் சொன்னவள், ஆனால் உன் கூடப்பிறந்தவள்,
உன் தங்கச்சி
ஸ்டெல்லா